அந்தரத்துக்குப் பேர் வைக்கிறது எப்பிடி

"அந்தரப்படாத, பஸ் வரும்" எண்டு சொன்னா அது அவசரம். "அவரைக் கண்டதும் எனக்கு அந்தரமாப் போச்சு" எண்டு சொன்னா அது வேற, ஆளுக்கு முன்னால கையை எங்க வைக்கிறது கண்ணை எங்க வைக்கிறது எண்டு தெரியாம நிக்கிற நிலைமை. இந்த ரெண்டாவது அந்தரத்தைப் பற்றித்தான் இது. அந்த ஒரு சொல்லுக்குள்ள ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்லாத எத்தினையோ நிலைமையள் அடைஞ்சு கிடக்கு. கலியாண வீட்டுப் பந்தியில இடம் இல்லாம, சாப்பிடுற ஆளுக்குப் பின்னால போய் நிண்டு அவர் எப்ப எழும்புவார் எண்டு பாக்கிறதும் அந்தரம், கடைக்காரர் மிச்சக்காசு தர மறந்திட்டார் கேக்கிறதோ விடுறதோ எண்டு நிக்கிறதும் அந்தரம், செத்தவீட்டில எங்கயோ பிள்ளையள் பகிடி விட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்திட்டா அதுவும் அந்தரம். ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாப் பேர் வைச்சா என்ன? சின்னதா, பகிடியா, கேட்ட உடன "அட ஓம்!" எண்டு சிரிப்பு வாற மாதிரி. அதை எப்பிடிச் செய்யிறது எண்டு, இதுவரைக்கும் செய்து பாக்காத ஆக்களுக்காக எழுதுறன்.

முதல்ல ஒரு சொல்லைச் செய்து காட்டுறன், விளக்கம் பேந்து.

பரந்தன் சந்தியில றோட்டோரம் நிக்கிறியள். ஒரு மோட்டச்சைக்கிள் போகுது. ஓடுற ஆள் ஹோர்ன் அடிச்சு, கையைத் தூக்கி, தலையையும் ஆட்டிப்போட்டுப் போறார். முகத்தை முழுக்க மூடின ஹெல்மெட். ஆர் எண்டு தெரியாது. ஆனா கை தூக்கினவருக்குக் கை தூக்காம விடேலுமோ, நீங்களும் தூக்கி பல்லையும் காட்டிப்போட்டு, பேந்து வீட்ட போகும் வரைக்கும் அது ஆரா இருக்கும் எண்டு யோசிச்சுக்கொண்டு போறியள். மோட்டச்சைக்கிள் நீலம், எங்கட விதானையின்ர மருமகனோ, இல்லை அவர் கொழும்பிலயெல்லோ. இந்த நிலைமைக்கு நான் வைச்ச பேர் தலைமறைவணக்கம். தலைமறைவு ஒண்டு, வணக்கம் ஒண்டு, நடுவில வாற "வ" ரெண்டுக்கும் பொது. "இண்டைக்குக் காலமை ஒரு தலைமறைவணக்கம் விழுந்தது, இன்னும் ஆளைப் பிடிபடேல்லை" எண்டு சொல்லிப் பாருங்கோ, கேக்கிற ஆளுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஏன் அது வேலை செய்யுது எண்டா, அந்த அனுபவம் எல்லாருக்கும் வந்திருக்கு, ஆனா அதைச் சொல்ல இவ்வளவு நாளும் ஒரு பந்தி வசனம் தேவைப்பட்டுது. அதோட தலைமறைவு எண்டு கேட்ட உடன மூடின தலை கண்ணுக்கு முன்னால வருது, வணக்கம் எண்ட உடன தூக்கின கை வருது. சொல்லே படத்தைக் கீறிக் குடுக்குது. இப்பிடி ரெண்டு சொல்லை ஒண்டுக்கு மேல ஒண்டு ஏத்தி ஒட்டுறது இங்கிலீசிலயும் பழைய விளையாட்டுத்தான். காலமைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேத்து ப்ரன்ச் எண்டு 1895இல ஒரு எழுத்தாளர் பகிடி கலந்து எழுதினது, இண்டைக்கு கொழும்பு ஹோட்டல்காரர் விளம்பரம் போடுற அளவுக்கு வந்திட்டுது. லூயிஸ் கரோல் 1871இல எழுதின கதைக்குள்ள சிரிப்புக்குச் செய்த "சோர்ட்டில்" எண்ட சொல்லும் அகராதிக்குள்ள போட்டுது. புத்தகத்தின்ர அட்டையில புகழ்ந்து எழுதுற வரிகளை "ப்ளர்ப்" எண்டு சொல்லுறம், அது 1907இல ஜெலட் பர்ஜஸ் எண்டவர் பகிடிக்கு விட்ட சொல். பகிடியாத் தொடங்கினது பகிடியாவே நிக்கவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை.

தமிழில இந்த வேலை இன்னும் லேசு எண்டது என்ர எண்ணம். எங்களுக்குப் புணர்ச்சி இருக்கு, தொகை இருக்கு, சொல்லும் சொல்லும் பக்கத்தில வந்தாலே ஒட்டிக்கொள்ளும். வயலுக்குப் போற ஆக்களுக்கு இது வடிவா விளங்கும்: ஒடுங்கின வரம்பில நீங்கள் இஞ்ச இருந்து போறியள், அங்க இருந்து ஒராள் வாறார், ரெண்டு பக்கமும் பெரும்போக நெல்லு, தண்ணி நிக்குது. நீங்கள் இடப்பக்கம் விலத்துறியள் அவரும் அதே பக்கம், நீங்கள் மற்றப் பக்கம் அவரும் மற்றப் பக்கம், கடைசியில ரெண்டு பேரும் நிண்டு சிரிக்கிறியள், ஒராள் சேத்துக்குள்ள கால் வைக்கிறார். வரம்பு, ஆட்டம், வரம்பாட்டம். நான் ஒண்டும் செய்யேல்லை, பக்கத்தில பக்கத்தில வைச்சன், புணர்ச்சி மிச்சத்தைப் பாத்துக்கொண்டுது. பேந்து இது வயலுக்கு மட்டும் இல்லை, கச்சேரி வாசல்படியில, ஆசுபத்திரிக் கொரிடோரில, வங்கிக் கதவில எல்லா இடத்திலயும் வரம்பாட்டம் நடக்குது.

அடுத்தது வினைத்தொகை. பள்ளிக்கூடத்தில படிச்சு மறந்திருப்பியள், பரவாயில்லை. ஊறுகாய், சுடுதண்ணி எல்லாம் அந்த வகைதான், முன்னால ஒரு வினையின்ர வேர், பின்னால ஒரு பெயர், காலம் மறைஞ்சு நிக்கும். ஊறின காய், ஊறுற காய், ஊறப்போற காய் மூண்டும் ஊறுகாய்க்குள்ள இருக்கு. அந்தரத்துக்கு இது அருமையான அச்சு, ஏனெண்டா அந்தரமும் அப்பிடித்தான், வந்ததும் உண்டு, வந்துகொண்டிருக்கிறதும் உண்டு, கட்டாயம் வரப்போறதும் உண்டு.

உதாரணத்துக்கு, அம்மா குசினிக்குள்ள இருந்து போனைக் கொண்டு ஓடி வாறா. "இந்தா, கனடா மாமி, கதை." வீடியோ கோல். அந்த மாமி கடைசியா உங்களைக் கண்டது நீங்கள் ஏணைக்குள்ள கிடக்கேக்க.

"ஆ... என்ன செய்யிறீங்கள் தம்பி?"

"சும்மா இருக்கிறன் மாமி."

"ஆ."

"அங்க குளிரோ மாமி?"

"ஓம் தம்பி, சரியான குளிர்."

"ஆ."

கதை முடிஞ்சுது. போனைத் திருப்பிக் குடுப்பம் எண்டா அம்மா கோழிக்கு அரிசி போட வெளியில போட்டா. மாமியும் அங்க திரும்பித் திரும்பி ஆரையோ தேடுறா, அவவுக்கும் போனை ஆரிட்டயாவது குடுத்தாக் காணும். மாமி நல்ல மனுசி, நீங்களும் நல்ல பிள்ளை, ரெண்டு பேரிலயும் பிழை இல்லை, பாசத்தில ஒராள் ரெண்டு பேரையும் பிடிச்சு ஒரு திரைக்குள்ள விட்டிட்டா. இதுக்குப் பேர் திணிகோல். திணித்த கோல், திணிக்கிற கோல், திணிக்கப்போற கோல். வெளிநாட்டில சொந்தக்காரர் இல்லாத வீடு, இலங்கை வடக்கில எங்கட வன்னியில தேடித்தான் பிடிக்கவேணும், அதால இந்தச் சொல்லை நான் சொன்ன இடமெல்லாம் ஆக்கள் உடன பிடிச்சுக்கொண்டினம். ஒரு தங்கச்சி அதைத் திருப்பி, தான் போனை வாங்காம ஓடித் தப்பினதை "திணிகோலுக்குச் சுழிச்சன்" எண்டு சொன்னா. சொல் பிடிபட்டிட்டுது எண்டதுக்கு அடையாளம் அதுதான், நீங்கள் வைச்ச சொல்லுக்கு மற்ற ஆக்கள் வினை சேக்கத் தொடங்குறது.

விகுதி சேக்கிறதும் ஒரு வழி. மரத்தைக் கொத்துறது மரங்கொத்தி, மண்ணை வெட்டுறது மண்வெட்டி, கடைசியில ஒரு "இ" போட்டா செய்யிற ஆளோ செய்யிற சாமானோ வந்திடும். வவுனியாவில இருந்து முல்லைத்தீவு போற பஸ்ஸில ஒரு வயசான ஐயா ஏறுறார், நீங்கள் மரியாதைக்கு எழும்பி "இருங்கோ ஐயா" எண்டுறியள், அவர் "வேண்டாம் தம்பி, நான் கிட்டத்தான் இறங்கிறன்" எண்டுறார், நீங்கள் "இல்லை ஐயா இருங்கோ", அவர் "பரவாயில்லை", இந்த மரியாதை நடந்து முடியிறதுக்குள்ள பின்னால நிண்ட ஒரு பெடியன் வந்து இருந்திட்டான். ஐயாவும் நிக்கிறார், நீங்களும் நிக்கிறியள், ஆளை ஆள் பாக்கிறியள். அந்தப் பெடியன் இடைக்குந்தி. (இதில ஆளுக்குப் பேர் வருதே எண்டு கேக்கலாம். அண்டைக்கு அந்த சீற்றில இருக்கும் வரைக்கும்தான் அவன் இடைக்குந்தி, இறங்கினாப் பேரும் இறங்கிடும். இந்த வித்தியாசம் முக்கியம், கீழ சொல்லுறன்.)

மானவடையையும் சொல்லாமப் போகேலாது. தட்டில எல்லா வடையும் முடிஞ்சு கடைசியா ஒண்டு மிஞ்சும், எல்லாருக்கும் அதில கண், ஒருத்தரும் தொடாயினம், ஏனெண்டா அதோட மானமும் சேந்து கிடக்கு. வீட்டுக்காரர் "எடுங்கோ எடுங்கோ" எண்டுவார், நீங்கள் "காணும் காணும்" எண்டுவியள். சொல்லைக் கேட்டாலே போதும். விடைமீதியும் அப்பிடித்தான், "சரி அப்ப போட்டு வாறன்" எண்டு கையெல்லாம் காட்டி வடிவா விடைபெற்று முடிச்சாப்பிறகு பஸ் வராம ரெண்டு பேரும் ஒரே ஹோல்ட்டில நிக்கிற நேரம். கதை எல்லாம் முடிஞ்சுது, நேரம்தான் மிச்சம்.

இனி எனக்கு ஆகலும் பிடிச்ச வழி, ஊர்ப்பேர். 1983இல இங்கிலாந்தில டக்ளஸ் அடம்ஸ், ஜோன் லொயிட் எண்ட ரெண்டு பேர் ஒரு வேலை செய்தினம். பேர் இல்லாத அனுபவங்கள் உலகத்தில நிறையக் கிடக்கு, மற்றப் பக்கம் ஊர்ப்பேர்கள் றோட்டுப் பலகையில சும்மா நிக்குது, ரெண்டையும் சேத்தா என்ன எண்டு யோசிச்சு ஊர்ப்பேர்களை எடுத்து அர்த்தம் குடுத்து ஒரு பகிடி அகராதியே போட்டினம். எங்கட ஊர்ப்பேர்களில இது எவ்வளவு வடிவா வரும் எண்டு பாருங்கோ.

முறிகண்டி. ஏ9 றோட்டால போற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில நிக்கும், தேங்காய் உடைப்பினம், கும்பிடுவினம், கச்சான் வாங்குவினம், உங்களுக்கு அவசரம் இருந்தாலும் நீங்களும் நிண்டுதான் ஆகவேணும். இப்ப சிநேகிதனோட ரவுணுக்குள்ள நடக்கிறியள், அவனுக்குத் தெரிஞ்ச ஒராள் குறுக்க வந்திட்டார், ரெண்டு பேரும் கதைக்கத் தொடங்கிட்டினம், உங்களுக்கு அந்தாளைத் தெரியாது, விட்டிட்டுப் போகவும் ஏலாது கதையில சேரவும் ஏலாது, போனை எடுத்துப் பாக்கிற மாதிரி நிக்கிறியள். நீங்கள் நிக்கிறது முறிகண்டி. "அவன்ர மாஸ்டரைக் கண்டிட்டான், எனக்கு நல்ல நேரம் முறிகண்டி" எண்டு சொன்னா முடிஞ்சுது.

மல்லாவி எண்டா, பெரியவர் ஒருத்தர் கதைச்சுக்கொண்டிருக்கேக்க வாயை மூடிக்கொண்டு மூக்கால மெல்லமா விடுற கொட்டாவி. கண்ணில தண்ணி வரும், அவர் நீங்கள் தன்ர கதையில உருகிறியள் எண்டு நினைப்பார். பக்கத்தில துணுக்காய், அதுக்குள்ள துணுக்கு, அதாவது திடுக்கிடுறது, இருக்கு. வன்னியில ஆருக்கு ஆர் சொந்தம் எண்டு முழுக்கத் தெரிஞ்ச ஆள் கிடையாது, நீங்கள் ஒராளைப் பற்றி நாலு பேருக்கு முன்னால இழுத்துக் கதைச்சுக்கொண்டு போகேக்க மூலையில இருந்த அக்கா "அவர் எங்கட சின்னண்ணையின்ர மச்சான்" எண்டு சொல்ல நெஞ்சுக்குள்ள ஒரு துள்ளல் துள்ளுமே, அதுதான் துணுக்காய். ஓமந்தைக்கு விளக்கமே வேண்டாம் எண்டு நினைக்கிறன், ஓம், மந்தை. கூட்டத்தில அதிகாரி ஒரு திட்டத்தை விளங்கப்படுத்துறார், ஒருத்தருக்கும் விளங்கேல்லை, "விளங்கிச்சுதோ?" எண்டு கேக்க எல்லாரும் சேந்து "ஓம்".

அந்த ஊராக்கள் கோவிப்பினமோ எண்டு ஒரு கேள்வி வரும், வரவும் வேணும். நான் பாக்கிறது ஒண்டைத்தான், சொல் ஊராக்களைப் பற்றி ஏதும் சொல்லுதோ எண்டு. மல்லாவி எண்ட பேர் கொட்டாவி மாதிரி ஒலிக்குது, அவ்வளவுதான், மல்லாவியார் நித்திரைகொள்ளியள் எண்டு அர்த்தம் வந்தா அந்தச் சொல்லைத் தூக்கி எறிஞ்சிடவேணும்.

இந்த இடத்திலதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. எங்கட ஆக்களுக்குப் பேர் வைக்கிறது புதுசில்லை, ஒவ்வொரு ஊரிலயும் ஆளுக்கு ஆள் பட்டம் இருக்கு, சில பேரின்ர சொந்தப் பேர் கலியாணக் காட்டைப் பாத்தாத்தான் தெரியும். ஒரு சின்ன விசயத்தைப் பாத்து அதை ஒரே சொல்லில பிடிக்கிற கெட்டித்தனம் அதில இருக்கு, அது இஞ்ச சந்திக்குச் சந்தி கிடக்கு. ஆனா பட்டம் ஆளில விழுகுது. ஒருக்கா விழுந்தா நடை, உடம்பு, பேச்சு, வறுமை எதைப் பாத்து வைச்சினமோ அதோடயே அந்தாள் சாகும் வரைக்கும் திரியவேணும். எங்கட மண்ணில உடம்பில காயத்தோட வாழுற ஆக்கள் எத்தினை பேர், அவையின்ர நடையைப் பாத்துப் பட்டம் வைச்ச வாயளும் இருக்கு, அதைக் கேட்டுச் சிரிக்க என்னால ஏலாது. நாங்கள் செய்யிற இந்தச் சொல் நிலைமையில விழவேணும். வரம்பாட்டத்தில ரெண்டு பேரும் ஆடுகினம், திணிகோலில மாமியும் மாட்டுப்பட்டிருக்கிறா, மானவடைக்கு முன்னால வீடே இருக்கு. ஆரும் தனிய வெக்கப்படத் தேவையில்லை.

கை வைக்கக் கூடாத அந்தரமும் இருக்கு. கனகாலத்துக்குப் பிறகு ஒராளைக் கண்டு "தம்பி எங்க இப்ப?" எண்டு கேட்டிட்டு, அந்த முகம் மாறுறதைப் பாக்கிற நேரம். அல்லது "எத்தினை சகோதரம்?" எண்டு புதுசா வந்த ரீச்சர் வகுப்பில கேக்கிற நேரம். 2009இல யுத்தம் முடிஞ்சாப்பிறகு இஞ்ச வளந்த எல்லாருக்கும் அந்த அமைதி தெரியும். அதுக்குப் பகிடிச் சொல் வேண்டாம். நன்னூல் எண்ட பழைய இலக்கண நூல், ஒண்டை நேராச் சொல்லாம இடத்துக்குத் தகுந்த வேற சொல்லால சொல்லுற தகுதி வழக்கு எண்டு மூண்டைச் சொல்லுது, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எண்டு. செத்தார் எண்டு சொல்லாம துஞ்சினார் எண்டு சொல்லுறது மங்கலம், பொற்கொல்லர் தங்களுக்குள்ள பொன்னைப் பறி எண்டு சொல்லுறது குழூஉக்குறி. எங்கட பகிடிச் சொல்லுகள் குழூஉக்குறிப் பக்கம் சேரும், ஒரே நிலைமையில மாட்டுப்பட்ட ஆக்கள் தங்களுக்குள்ள வைச்சுக்கொள்ளுற குறி. அந்த அமைதிக்கு வேண்டியது மங்கலத்தின்ர பக்கம், அது வேற ஆக்களின்ர வேலை.

"புதியன புகுதலும்" எண்டு அதே நன்னூல்தான் சொன்னது. வன்னிக்கு அது ஏட்டில மட்டும் கண்ட விசயம் இல்லை. பேக்கரிக்கு வெதுப்பகம், ஐஸ்கிரீமுக்கு குளிர்களி, மோட்டச்சைக்கிளுக்கு உந்துருளி எண்டு பலகையில பாத்துப் பழகின ஆக்கள் நாங்கள், உந்துருளி இண்டைக்கும் செய்தியில வருது. ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேணும், அந்தச் சொல்லுகள் ஏற்கனவே வாயில இருந்த ஒரு சொல்லைத் தள்ளிப்போட்டு இருக்கவேண்டி இருந்தது, அதால கஷ்டப்பட்டுது, நான் கூட மேல மோட்டச்சைக்கிள் எண்டுதான் எழுதியிருக்கிறன். பேரே இல்லாத நிலைமைக்கு வைக்கிற சொல்லுக்கு எதிராளி இல்லை. வெறும் கதிரை, போய் இருந்தாச் சரி.

செய்து பாக்கேக்க முதல் பிடிக்கவேண்டியது சொல்லை இல்லை, நிலைமையை. புதுசாத் தொடங்குற ஆக்கள் முதல்ல நல்ல சத்தமான சொல் ஒண்டை யோசிச்சிட்டு பேந்து அர்த்தம் தேடுவினம், ஊர்ப்பேர் வழியைத் தவிர மற்றதில அது சரிவராது. நிலைமையை ஒரு வசனத்தில எழுதுங்கோ, அதில எந்த இடத்தில நெளிவு வருது எண்டு பாருங்கோ. பந்தியில ஆளுக்குப் பின்னால நிக்கிறதில நெளிவு நிக்கிறதில இல்லை, அவர் ரசத்தை ஆறுதலாக் குடிக்கிறதை நீங்கள் பாக்கிறதிலயும் அவர் நீங்கள் பாக்கிறதைப் பாக்கிறதிலயும்தான் இருக்கு. அப்ப சொல்லுக்குள்ள ரசம் வரவேணும், பந்தி வரத் தேவையில்லை. ரசப்பார்வை எண்டா எனக்குக் காணும். பிறகு சத்தமா ஒருக்கா சொல்லிப் பாருங்கோ, நாக்குத் தடக்கினா வெட்டுங்கோ. சந்தியில நிண்டு விளக்கம் குடுக்காதேங்கோ. "நான் ஒரு சொல் கண்டுபிடிச்சனான்" எண்டு தொடங்கினா அதிலயே சொல் செத்திடும். நிலைமை நடந்த கையோட, ரசம் குடிச்ச ஐயா எழும்பிப் போனாப்பிறகு, பக்கத்தில நிக்கிற மச்சானுக்கு மெல்லமாச் சொல்லுங்கோ.

பயிற்சிக்கு ஒண்டு விட்டிட்டுப் போறன், இதுக்கு இன்னும் நல்ல பேர் கிடைக்கேல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில சனம் நெரிஞ்சு நிக்கேக்க ஒரு வயசான அப்பு உங்கட கையைப் பிடிக்கிறார். பிடிச்சுக்கொண்டு, "என்னை ஆரெண்டு தெரியுதோ?" உங்களுக்குத் தெரியாது. "தெரியும் தெரியும்" எண்டுறியள். "அப்ப சொல்லு பாப்பம்." கையை விடமாட்டார். கைப்பரீட்சை எண்டு வைச்சுப் பாத்தன், பிடி வந்திட்டுது, பரீட்சையும் வந்திட்டுது, ஆனா அந்தாள் உங்கட அப்பாவைத் தூக்கி வளத்த ஆளா இருக்கும், அந்தப் பாசம் சொல்லுக்குள்ள வரேல்லை. பிடி, கேள்வி, பாசம் மூண்டும் வரவேணும், நாலஞ்சு எழுத்துக்கு மேல போகவும் கூடாது. அப்பு எண்ட சொல்லில இருந்து தொடங்கினா வரும்போல கிடக்கு.